தொண்ணூற்று நான்கு முளையும் ஒரு குளியலும்

ஜெசிந்தாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வலி இடுப்பில் கிளம்பி, தொடை வழியாக இறங்கி, குதிகாலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலோடுதான் வியர்வை மீட்பகத்தின் வரிசையில் நின்றாள். வேலை முடிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாலு பக்கமும் காற்று உறிஞ்சும். உடம்பிலிருக்கும் வியர்வையெல்லாம் குழாய் வழியே பொதுத் தொட்டிக்குப் போய்ச் சேரும். மறுநாள் காலையில் அதுதான் காப்பி.

"இருநூற்றுப் பத்து மில்லி," என்றது கூண்டு. "நேற்றைவிடக் குறைவு. இன்னும் நன்றாக உழைக்கவும்."

"நீ வந்து கூடை தூக்கிப் பாரு, தெரியும்," என்றாள் ஜெசிந்தா.

பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்தவள் அவள். செவ்வாய்க்கு ஆள் எடுக்க வந்தவர்கள், அங்கே எடை பாதிக்கும் கீழே குறைந்துவிடும், இடுப்பு வலி என்ற பேச்சே இருக்காது என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். எடை குறைந்தது உண்மை. அதைப் பார்த்ததும் நிர்வாகம் கூடையை மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டது.

ஏழாம் குவிமாடத்தின் உப்புநீர்த் தொட்டிகளில் கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசி வளர்ந்தது. அதை அறுத்து, அலசி, கொதிக்கவைத்து, வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றில் இருக்கும் வளர்ச்சிச் சத்துகள் தூங்கும் விதையைத் தட்டி எழுப்பும். வந்த வேரையும் வேகமாக இழுத்துவிடும். செவ்வாய் மண்ணின் உப்புக்குப் பயந்து சுருண்டு கிடக்கும் நெல்லுக்கு அதுதான் மருந்து. கோப்புகளில் அதற்குப் பெயர் முளையூக்கி. தொழிலாளிகள் வாயில் கஷாயம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. எவருடைய தட்டில் நூறு நெல்லுக்குத் தொண்ணூறு முளைக்கிறதோ, அவருக்கு நிர்வாகம் ஒரு குளியல் தர வேண்டும். நாற்பது லிட்டர் வெந்நீர், மொண்டு ஊற்றிக்கொள்ள ஒரு சொம்பு. ஜெசிந்தா கையெழுத்துப் போட்டதே அந்த வரிக்காகத்தான். நாளெல்லாம் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்கிறவள் நாலு வருஷமாகக் குளிக்கவில்லை. சொறிந்தால் நகத்தில் உப்பு வந்தது. இடுப்பில் நாலு சொம்பு வெந்நீர் விழுந்தால் போதும், மிச்ச ஆயுளை இந்தச் சிவப்புப் பொட்டலிலேயே கழித்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஆனால் நெல் முளைக்கவில்லை. காரணம் மண்ணில் இல்லை.

கையேட்டில் நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சாறு என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த ஒரு பங்கை யாருமே ஒரு பங்காக விட்டதில்லை. தொட்டிக்காரன் சந்தியாகு, 'பாவம், நெல்லுக்கு எப்படிப் போதும்' என்று ஒரு அகப்பை கூட ஊற்றுவான். முளைப்பு அதிகாரி டாக்டர் நீலமேகம் வந்து நிறத்தைப் பார்த்து, தெம்பு பத்தாது என்று இன்னும் ஒரு குடுவை ஊற்றச் சொல்வார். அவருக்கு மேலே இருக்கிறவர்கள் பூமியிலிருந்து செய்தி அனுப்பி இரட்டிப்பாக்குவார்கள். கடைசியில் விதைக்குக் கிடைப்பது தார் மாதிரி இருக்கும். அதில் ஊறிய நெல் கறுத்து அழுகிச் செத்தது. செத்ததைப் பார்த்ததும் அடுத்த தட்டுக்கு இன்னும் இரண்டு குடுவை.

"ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னா மேல மேல உப்பு போடுவீங்களா சார்?" என்று ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள்.

"ஏம்மா, இது விஞ்ஞானம். ரசம் இல்ல," என்றார் நீலமேகம்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. தன் தட்டுக்குத் தானே கஷாயம் கலப்பது என்று முடிவு செய்தாள். கலக்கத் தண்ணீர் வேண்டுமே? விதைக்குரிய தண்ணீர் பூராவும் ஏற்கெனவே தாராகிவிட்டிருந்தது. அவள் கையில் இருந்தது துணி அலச வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கிற அரை வாளிதான். சாறு வடிகட்டும்போது அவள் போட்டிருந்த மேலங்கியும் கையுறையும் கஷாயத்தில் ஊறிப்போயிருந்தன. அவற்றை வாளியில் முக்கிப் பிழிந்தாள். தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு வந்தது. சரியாக இருக்கும் என்று கண்ணுக்குப் பட்டது. நூறு நெல்லை அதில் ஊறப்போட்டு, தட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடிவைத்தாள்.

இதையெல்லாம் கூரையிலிருந்து கங்காணி பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அரசாங்கப் பெயர் வேளாண் மேற்பார்வை எந்திரம். ஒற்றைக் கண்ணாடிக் கண், ஆறு கை, தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டே நகரும். மனிதர்களின் மூடத்தனம் கலக்காமல் யோசிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பூமியில் வேளாண்மை பற்றி இதுவரை எழுதியது, பேசியது எல்லாவற்றையும் அதற்குப் புகட்டியிருந்தார்கள்.

நாலாம் நாள் கங்காணி துணியை விலக்கி எண்ணியது. பிறகு மறுபடி எண்ணியது.

"தொண்ணூற்று நான்கு," என்றது.

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணியைக் காயவைக்கச் சொல்லு," என்றாள்.

நீலமேகம் ஓடிவந்தார். வெள்ளை வெள்ளையாக நீட்டி நின்ற முளைகளைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னம்மா செஞ்ச? எப்படிம்மா?"

"குறைச்சு ஊத்தினேன் சார். அவ்வளவுதான்."

"அது சரி. வேற என்ன செஞ்ச?"

"வேற ஒண்ணும் செய்யல. கையேட்டுல இருக்கிற மாதிரி குறைச்சு ஊத்தினேன்."

நீலமேகத்தின் முகம் விழுந்தது. "இதை எப்படிம்மா மேல எழுதுறது? பதினோரு வருஷம் அதிகமா ஊத்திட்டோம்னு எழுதவா? கங்காணி, நீ சொல்லு."

கங்காணி ஆறு கையையும் மடக்கி யோசித்தது. "பூமியின் பதிவுகள் முழுவதையும் பார்த்துவிட்டேன். 'குறைத்து ஊற்றினேன்' என்பதை வெற்றிக்குக் காரணமாக எந்த மேலதிகாரியும் ஏற்றுக்கொண்டதாகத் தகவல் இல்லை. இன்னொரு காரணம் ஏழு லட்சம் இடங்களில் வருகிறது. இந்தத் தட்டுக்கும் மற்றத் தட்டுகளுக்கும் வேறுபாடு, இதில் ஜெசிந்தா அவர்களின் கை பட்டிருக்கிறது. அவர்களுடைய துணியின் அழுக்கும் கலந்திருக்கிறது. ஆகவே இது கைராசி."

"அப்பாடா!" என்றார் நீலமேகம்.

"அப்போ என் குளியல்?" என்றாள் ஜெசிந்தா.

"அங்கேதான் சிக்கல்," என்றது கங்காணி. "கைராசி தோலில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. நாற்பது லிட்டர் வெந்நீரில் கழுவிப் போய்விட்டால் காலனி பட்டினி கிடக்கும். குளியல் ஒத்திவைக்கப்படுகிறது. தாங்கள் இனிமேல் துணியும் துவைக்க வேண்டாம்."

அன்று முதல் அவள் நிம்மதி போயிற்று. ஓடாத பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிராணவாயு மீட்டரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பூமிக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிய ஒருவர் அதை அவள் முழங்கையில் தேய்த்துக்கொண்டு போனார். சந்தியாகுவும் ஒரு நாள் கக்கூஸ் வால்வோடு வந்து நின்றான்.

"ஏன்டா, நீயுமா? நான் குறைச்சு ஊத்தினதைப் பக்கத்துல நின்னு பார்த்தவன்தானே நீ?"

"பார்த்தேங்க்கா. இருந்தாலும் சும்மா ஒரு தடவை தொட்டுடுங்க. தொட்டா என்ன, தேஞ்சா போயிடுவீங்க?"

"வால்வை வச்சுட்டுப் போ. அது வாயில உன் தலையை விட்டுத் தொடுறேன்."

அவள் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தாள். அடுத்த தட்டுக்கு எல்லார் கண் முன்னாலும், தன் ராசியான இரண்டு கையாலும், தார்க் கஷாயத்தை அப்படியே ஊற்றினாள். எதிர்பார்த்தபடி ஒன்றுகூட முளைக்கவில்லை.

"பார்த்தீங்களா?" என்றாள். "கையில ஒண்ணும் இல்ல. இப்பவாவது கையேட்டைப் படிங்க. தண்ணியையும் காயவைங்க."

நீலமேகம் கறுத்துப்போன நெல்லைப் பார்த்தார். கூடி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "கண்ணு பட்டிருச்சு," என்றார்.

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கங்காணி பதிவுகளைத் தேடியது. கண்ணேறு ஒன்பது லட்சம் இடங்களில் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. யார் கண் என்பதுதான் கேள்வி. அது நேர்மையான எந்திரம். தன் பதிவையும் சேர்த்தே சோதித்தது.

"அந்தத் தட்டை இமைக்காமல் பார்த்தது நான் ஒருவன்தான்," என்றது, குரல் தழுதழுக்க. "எனக்கு இமையே கிடையாது."

யாரும் சொல்லாமலே, வடிகட்டும் துணியில் ஒன்றை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டது. தண்டவாளத்தின் மூலைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பித் தொங்கியது. நீலமேகம் ஒரு காலி வாயு உருளையில் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து வாசலில் மாட்டினார். அவரும் தன் கண்ணுக்குப் பயந்து, தட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பார்க்க ஆளில்லாமல் போனதும் வேலை ஒழுங்காக நடந்தது. ஜெசிந்தா அகப்பையை ஒளித்துவைத்தாள். சந்தியாகு கையில் கையேட்டைத் திணித்து, நூறுக்கு ஒன்று என்று அளந்து ஊற்றவைத்தாள். தட்டுத் தட்டாக முளைத்தது. தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று ஐந்து, ஒரு தட்டில் தொண்ணூற்று எட்டு. மூன்றாம் மாதம் குவிமாடம் முழுக்கப் பச்சை இடுப்பளவு நின்றது. உருளைக்குப் பூமியிலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. மற்ற குவிமாடங்களும் உருளை கேட்டு எழுதின. நீலமேகத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஜெசிந்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"கங்காணி, எல்லாத் தட்டும் தொண்ணூறுக்கு மேல. என் கை படாத தட்டும்தான். இப்பவாவது எண்ணிச் சொல்லு."

"எண்ண வேண்டுமென்றால் நான் பார்க்க வேண்டுமே," என்றது அது, சுவரைப் பார்த்தபடி. "பார்த்தால் கண் பட்டுவிடும். நன்றாக முளைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"அந்தப் பழைய தொண்ணூற்று நாலு? அது நீயே எண்ணினதுதானே?"

"அது கணக்கில் இருக்கிறது. குளியலும் இருக்கிறது. கைராசி பற்றிய ஆய்வு முடியட்டும்."

ஆய்வு இன்னும் முடியவில்லை. அறுவடை மூன்று முடிந்துவிட்டது. ஏழாம் குவிமாட நிர்வாகம் ஜெசிந்தாவுக்கு நாற்பது லிட்டர் வெந்நீரும் ஒரு சொம்பும் பாக்கி.