நாற்பதில் அணையும் கணினி

2025 அக்டோபர் முதல் தேதி, புதன்கிழமை, கிள்ளானில் உள்ள தன் வீட்டில் சுகுமாறன் ஆயுத பூசை போட்டார். காருக்கும் ட்ரில்லுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, ஹாலில் இருந்த கணினியின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அறுத்தார். பழத்தைப் பிடித்திருந்த மகள் யஷ்வினியின் விரலில் கத்தி பட்டது. ரத்தம் பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே உள்ளே சொட்டியது.

"பூசணிக்கா வாங்குங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீங்களா? இப்ப அது நம்ம பிள்ளைகிட்டயே காவு வாங்கிக்கிச்சு," என்றாள் மனைவி உஷாராணி, விரலுக்கு பிளாஸ்டர் ஒட்டியபடி. மூவரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே கணினி பாதி விளையாட்டில் அணையத் தொடங்கியது.

சனிக்கிழமை பிற்பகல் உஷாராணி ஷா ஆலமில் வேலையில் இருந்தாள். யஷ்வினி லேசாக உடம்பு சுடுகிறது என்று அறையில் படுத்திருந்தாள். தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிற சுகுமாறனுக்கு, சொந்த வீட்டில் ஒரு பெட்டி தண்ணி காட்டுவது பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து தூசு ஊதினார். சிப்பின் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். பிறகு கார்ப் பந்தய விளையாட்டைப் போட்டு, திரையின் மூலையில் வெப்ப அளவைத் தெரிய வைத்தார்.

முப்பத்தேழு. கார் வேகம் பிடித்ததும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதைத் தொட்டதும் திரை கறுத்தது.

பிரிக்பீல்ட்ஸில் கணினிக் கடை வைத்திருக்கும் லோகனை அழைத்தார்.

"நாற்பதா? விளையாடாதீங்க அண்ணே. தொண்ணூறு தாண்டினாத்தான் அது தானா அணையும். நாற்பதெல்லாம் ஒரு சூடே இல்ல லா. மனுஷனுக்குத்தான் அது காய்ச்சல்."

"சென்சார் போயிருக்குமோ?"

"மூடியக் கழட்டிட்டு ஸ்டேண்ட் ஃபேன முழு ஸ்பீடுல வச்சுப் பாருங்க. அப்பவும் அணைஞ்சா எங்கிட்ட தூக்கிட்டு வாங்க பாஸ். நல்லடக்கம் பண்ணிடலாம்."

லோகன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அறையிலிருந்து முனகல் கேட்டது. சுகுமாறன் போனை வைத்துவிட்டு ஓடினார். யஷ்வினியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. தெர்மாமீட்டர் நாற்பது காட்டியது. அவர் மருந்தை எடுப்பதற்குள் அவள் நெற்றி வியர்த்தது, கண் திறந்தாள். மறுபடி வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு.

ஹாலில் கணினி தானாகவே மீண்டும், விட்ட இடத்திலிருந்து விளையாட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் முப்பத்தேழு.

அப்போதுதான் பெட்டிக்குள் சுழலும் விசிறியின் சத்தத்தை அவர் கவனித்துக் கேட்டார். அது எப்போதும் போல ஒரே சீராக இரையாமல், மெல்ல எழும்பி, ஒரு கணம் நின்று, நீளமாகத் தணிந்து, மறுபடி எழும்பியது. திறந்திருந்த அறைக் கதவு வழியே வந்த மகளின் மூச்சும் அதனோடு எழும்பி, அதனோடு நின்று, அதனோடு தணிந்தது. குனிந்து முகர்ந்தார். சூடான பிளாஸ்டிக் வாடை இல்லை. காய்ச்சலில் வியர்த்த தலையின் வாடை, தேங்காயெண்ணெயும் கலந்து.

ஒன்றை மட்டும் மாற்று, பிறகு பார். பழுது பார்ப்பதில் அவர் பழகியது அதுதான். ஸ்டேண்ட் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பினார்.

"அப்பா, குளிருது," என்றது அறையிலிருந்து மகளின் குரல்.

அங்கே மின்விசிறி ஓடவில்லை. இவர் ஃபேனைப் பெட்டியிலிருந்து வேறு பக்கம் திருப்பினார்.

"இப்ப?"

"இப்ப பரவால்லப்பா."

அதற்கு மேல் அவர் எதையும் தொடவில்லை. விளையாட்டை மூடக்கூடப் பயந்தார். பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். வெளியே வானம் இருட்டியது. முதல் இடி ஜன்னலை அதிர வைத்தது.

போன் அடித்தது. உஷாராணி.

"அங்க இடி இடிக்குதா? மோடம், டிவி, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் பிளக்கப் பிடுங்கிடுங்க. போன தடவ மோடம் வெடிச்சது மறந்துபோச்சா?"

"கம்ப்யூட்டர மட்டும்..." என்றார். எப்படிச் சொல்வது?

"என்ன மட்டும்? உங்க செல்லப் பிள்ளையா அது? பிடுங்குங்க லா!"

இடி இடித்தால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் முதலில் செய்வது அதுதான். மோடம் வெடித்ததிலிருந்து அவரும் ஒருநாள் தவறியதில்லை. மோடத்தைப் பிடுங்கினார். டிவியைப் பிடுங்கினார். கணினியின் பிளக்கில் கை வைத்தார்.

அறையில் மூச்சு திணறியது.

கையை எடுத்துவிட்டார்.

வெளிச்சம். ஹால் முழுக்க வெள்ளை. சுவருக்குள் ஏதோ வெடித்தது. இருட்டு.

பெட்டிக்குள் விசிறி நின்றது. மூச்சும்.

தட்டுத் தடுமாறி மெயின் சுவிட்சைத் தூக்கினார். விளக்கு வந்தது. கணினி வரவில்லை. பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கருகிய நாற்றம் மட்டும்.

பின்னால் காலடிச் சத்தம்.

"அப்பா, காய்ச்சல் போயிடுச்சு. மைலோ கலக்கிக் குடுங்க."

யஷ்வினி நின்றுகொண்டிருந்தாள். சிரித்தாள். அவர் வாரி அணைத்துக்கொண்டார். அழுதார். பிறகு அழுகை நின்றது. கன்னம் ஜில்லென்றிருந்தது. கழுத்து. அக்குள். எங்கும் தரை ஓடு போல. தெர்மாமீட்டரில் எண் வரவில்லை.

மழையோடு மழையாகப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். டாக்டர் தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தார். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். முதுகில் வைத்தார். யஷ்வினி கூசுகிறது என்று நெளிந்து சிரித்தாள். டாக்டர் அதைக் காதிலிருந்து கழற்றினார். நர்ஸை வெளியே போய்க் கதவைச் சாத்தச் சொன்னார்.