இரண்டாம் வெடிக்கு முன்

கம்பியை வேட்டைத் துவக்கின் குழலுக்குள் இறக்கியதும் வோக்கி-டோக்கியில் வின்சன்ட்டின் பேச்சு நின்றுபோனது.

நகுலேஸ்வரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மொன்றியலிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் வந்தபோதும், இந்தக் காட்டில் ஆளுக்கொரு மூலையில் மரமேடையில் ஏறி உட்கார்ந்த பிறகும் வாய் மூடாதவன் வின்சன்ட். மனைவி அக்னெஸின் தம்பி என்பதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய பிறவி. அவனுடைய தொணதொணப்பில்தான் மான் வெருண்டது, முதல் வெடியும் பிசகியது. நனைந்த இலைகளின் புளித்த மணமும் கரிமருந்தின் கூழ்முட்டை நாற்றமும் கலந்து மூக்கை அடைக்க, பிற்பகல் வெளிச்சம் மேப்பிள் மரங்களுக்கிடையில் சாம்பலாக வடிந்துகொண்டிருந்தது. வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கு என்றால் இந்தத் தொல்லைதான். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் துணி சுற்றிய கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுக் கரியைத் துடைத்தெடுக்காவிட்டால் அடுத்த குண்டு இறங்காது.

கம்பியை வெளியே இழுத்தான். துணி கறுப்பாக வந்தது. வோக்கியில் இருமல்.

"அத்தான், தொண்டைக்குள்ள என்னவோ சிக்கின மாதிரிக் கிடந்தது. சரி, அதை விடுங்கோ. இறைச்சி கொண்டு வந்தா பிரிஜ்ஜில இடமில்லையாம், அக்கா சொன்னவ..."

ஓடைக்கு அப்பால் ஒரு காது அசைந்தது. மான் திரும்பி வந்திருந்தது!

"வாயை மூடடா" என்று பல்லைக் கடித்தபடி இரண்டாவது துணித்துண்டில் எச்சில் தொட்டுக் கம்பியில் சுற்றி உள்ளே தள்ளினான். பேச்சு வெட்டியதுபோல் நின்றது. எடுத்தான். இருமல். தள்ளினான். ஓங்காளிக்கும் சத்தம்.

குழலும் அந்தத் தொண்டையும் ஒன்றென்று அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் கை நிற்கவில்லை. இன்னொரு தரம் வேண்டுமென்றே, மெதுவாக, அடிவரை தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டான். காடு அடங்கியது. அந்த அமைதி அவனுக்கு இனித்தது, அதுதான் உண்மை.

கடையில் வாங்கிய துண்டுகள் முடிந்திருந்தன. பையில் மிச்சமிருந்தவை வீட்டில் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்து அவனே வெட்டியவை. காசை மிச்சம் பிடிக்கும் கெட்டித்தனம். தடித்த துணி. அமுக்கித் தள்ளினான். பாதியில் இறுகியது.

இழுத்தான். வரவில்லை.

வோக்கியில் நெரியும் சத்தம். அங்கே மேடைப் பலகையில் சப்பாத்துக் கால்கள் உதைபட்டன. தடதடவென்று. பிறகு மெதுவாக.

"வின்சன்ட்! டேய், வாயைத் திறந்து கதையடா! ஏதாவது கதை!"

மான் பாய்ந்து ஓடியது. அது யாருக்கு வேண்டும்? அக்னெஸின் முகத்தில் எப்படி முழிப்பது? துவக்கை முழங்கால்களுக்கிடையில் இறுக்கினான். இழுத்தான். உள்ளங்கை உரிந்தது. மறுபடியும். கம்பி அசைந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது.

வந்துவிட்டது.

துணி சிவந்திருந்தது. ஈரம். ஆவி பறந்தது.

கீழே ஈரச் சருகுகள் மிதிபட்டன. செம்மஞ்சள் மேலங்கியோடு வின்சன்ட் நடந்து வந்தான். உயிரோடு! நகுலேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வின்சன்ட்டின் இரண்டு கைகளும் தொண்டையில். வாய் அசைந்தது, வழக்கம்போல் ஓயாமல். சத்தம் இல்லை.

மடியில் கிடந்த குழல் மெல்ல அதிர்ந்தது.

"அத்தான்," உள்ளிருந்து வின்சன்ட்டின் குரல் கேட்டது. "ஏன் அத்தான் இங்க இவ்வளவு இருட்டு?"

கீழே அண்ணாந்து நின்றவனின் உதடுகள் அந்தச் சொற்களுக்கே அசைந்துகொண்டிருந்தன.