படிச்சிட்டு வரேன்

அந்தப் புத்தகம் பூலாம்பாடிக்குப் போனதே இல்லை. பெரம்பலூர்ப் புத்தகத் திருவிழாவில் வாங்கியது. மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைப் பூவிழி இப்போதுதான் பிரித்தாள். விரித்ததும் நடுப்பக்கத்திலிருந்து ஒரு வெங்காயச் சருகு நழுவி அவள் மடியில் விழுந்தது.

சின்ன வெங்காயத்தின் சருகு. செம்பும் ஊதாவும் கலந்த நிறம். மூச்சு பட்டாலே பறந்துவிடும். விளக்குக்கு நேரே பிடித்தபோது உள்ளே நரம்பு நரம்பாகக் கோடுகள் தெரிந்தன.

"அம்மா, என் புத்தகத்த எடுத்தியா?"

"ஆமா, அத வச்சுத்தான் குழம்பு தாளிச்சேன்," என்றாள் அடுக்களையிலிருந்து அமிர்தவல்லி. "உன் பொஸ்தகத்த நான் எதுக்குடி எடுக்கப் போறேன்? வூட்டுல தூசி தட்டவே நேரத்தக் காணோம்."

அது உண்மைதான். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலை அவர்கள் தெருவுக்குப் பின்னால் இருந்தது. காலையில் துடைத்த சன்னல் விளிம்பில் மாலைக்குள் வெள்ளையாக மாவு படிந்துவிடும். அரியலூரில் அதை யாரும் தூசி என்றுகூட நினைப்பதில்லை.

பூவிழி சருகை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள். வெங்காயச் சருகைப் பக்க அடையாளமாக வைத்துப் படிக்கிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். வினோதினி. அவள் இறந்து இரண்டாவது மாதம் நடக்கிறது.

பூவிழி வேதியியல் படித்தவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. எதிரில் ஆள் நின்றால் அவளுக்கு வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும், எழுதினால் வரும். அதனால்தான் வலைப்பூ தொடங்கினாள். படித்த புத்தகங்களைப் பற்றி எழுதினாள். ஜெயங்கொண்டத்தில் கலையரசன் என்பவர் இப்படி எழுதுகிறவர்களின் பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டி ஒன்றை நடத்தினார். அந்தச் சிறு கூட்டத்துக்குள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார்கள், பின்னூட்டம் போடுவார்கள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் வினோதினி. அவள் சொந்தமாக எதையும் எழுதியதில்லை. படிக்க மட்டும் செய்தாள். இதய வால்வில் கோளாறு, வீட்டைவிட்டு அதிகம் வெளியே போக முடியாது. வீட்டில் வெங்காய வியாபாரம். வெங்காயக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து படிப்பாள்.

பூவிழி புதுப் பதிவு போட்ட உடனே கீழே அவளுடைய முதல் பின்னூட்டம் வந்துவிடும்: "படிச்சிட்டு வரேன்." பூவிழி ஒரே சொல்லில் பதில் போடுவாள்: "வா." கொஞ்ச நேரம் கழித்து "படிச்சிட்டேன்" என்று தொடங்கி, பதிவைவிட நீளமாக ஒன்று வரும். சண்டை, கிண்டல், பாராட்டு எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை, "நீ எழுதுன எல்லாத்தையும் முடிச்சிட்டேன். இனி உன் தலையெழுத்து மட்டும்தான் நான் படிக்க பாக்கி" என்று எழுதியிருந்தாள். அன்று ரத்தக் குப்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பூவிழி தனியாகச் சிரித்தாள்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. புத்தகங்கள் மட்டும் போய்வந்தன. பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் வழியாக அரியலூர் வரும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் சிங்காரவேலு துணிப்பையில் கொண்டுவந்து கொடுப்பார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இதையே அனுப்புறீங்களே. ஒருத்தி படிச்சு இன்னொருத்திக்குக் கதையச் சொல்லிட்டா எனக்கு ஒரு சொமை குறையுமுல்ல?"

"கதையச் சொல்லக்கூடாதுண்ணே."

"அது சரி. சொல்லாமலே செமந்துட்டு வரேன்."

திரும்பி வரும் புத்தகங்களில் வெங்காய வாடை அடிக்கும். பக்கங்களுக்கு நடுவே சருகு இருக்கும். பூவிழி அவற்றை எறிந்ததில்லை.

பிறகு ஒருநாள் பூவிழி அனுப்பிய பை அவிழ்க்கப்படாமலே திரும்பி வந்தது. சிங்காரவேலு படியிலிருந்து கீழே இறங்கி வந்து கொடுத்தார். "திருச்சில ஆப்பரேஷன் பண்ணாங்களாம். அந்தப் புள்ள போயிருச்சும்மா," என்றார். பஸ் கிளம்பிய பிறகும் பூவிழி பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றிருந்தாள். பை வெளுத்திருந்தது, அழுக்கில்லை. ஒவ்வொரு முறையும் வினோதினி அதைத் துவைத்துத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

காரியத்துக்குப் போகும்போது அமிர்தவல்லி வாசல்வரை வந்து சொன்னாள். "கெளம்புறப்ப யாருட்டயும் சொல்லிக்காத. வாய் தவறிக்கூட 'வரேன்'னு சொல்லிறாத. சாவு வூட்டுல அதச் சொல்லக்கூடாது. யாரயும் வான்னும் கூப்புடாத. சும்மா எந்திரிச்சு வந்துரு."

வினோதினியின் அம்மா தனம், பூவிழியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "நீதான் அரியலூர்ப் புள்ளயா? உன் பேச்சாத்தான் இருக்கும். விரல வச்சு வரி வரியாப் படிக்கும், சர்ரு சர்ருன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கும். கடைசிப் பக்கம் வந்துட்டா மட்டும் எழுத்து எழுத்தா நகத்தும். சோறு ஆறுதுடின்னு கத்துவேன். 'இரும்மா, முடிஞ்சிரும். முடியக்கூடாதுன்னுதான் மெதுவாப் படிக்கிறேன்'னு சொல்லும்."

சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோயிருந்தன. இத்தனை நாள் பழகியவளின் முகத்தைப் பார்க்கத்தான் பூவிழி வந்தாள். பார்க்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அம்மா சொன்னபடியே எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து வலைப்பூவைத் திறந்தாள். கடைசிப் பதிவுக்குக் கீழே வினோதினியின் பின்னூட்டம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று போட்டது. "படிச்சிட்டு வரேன்." பூவிழி அன்று வேலையில் இருந்தாள், பதில் போடவில்லை. அந்த வரி அப்படியே நின்றது, கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல. பூவிழிக்குக் கண் நிறைந்து எழுத்து கலங்கியது. பதில் சொல்லாமல் விடுவது மரியாதையாகப் படவில்லை. வழக்கமாக எழுதுவதையே எழுதினாள்.

"வா."

அந்தப் பின்னூட்டப் பக்கமும் ஒரு சாவு வீடுதான் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மறுவாரம் அந்தப் பதிவுக்குக் கீழே பெயரில்லாத ஒரு பின்னூட்டம் வந்தது. "படிச்சிட்டேன்." அவ்வளவுதான். பின்னால் நீளமாக எதுவும் வரவில்லை. அடுத்து, அதற்கு முந்தைய பதிவில் அதே சொல். பிறகு அதற்கும் முந்தையதில். யாரோ பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டு போனார்கள். "யாரு?" என்று கேட்டாள். பதில் இல்லை.

கலையரசனுக்குப் போன் செய்தாள். பேச வராமல் திணறித்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம பழைய பதிவயெல்லாம் ஒருத்தன் உக்காந்து படிக்கிறான்னா காலுல விழுந்து கும்புடணும்மா," என்று சிரித்தார். "எனக்கெல்லாம் என் வூட்டுக்காரியே படிக்கறதில்ல. விடு, எவனோ வேலையில்லாதவன்."

ஆனால் வினோதினியைப் பற்றி எழுதத் தொடங்கி, முடிக்க மனம் வராமல், வெளியிடாமலே வைத்திருந்த ஒரு பதிவு இருந்தது. அதை அவள் மட்டும்தான் திறக்க முடியும். வெளியிடாத பதிவுக்குக் கீழே பின்னூட்டம் போட இடமே கிடையாது. ஒரு மாலை அதைத் திறந்தாள். அவள் பாதியில் விட்ட வாக்கியத்துக்குக் கீழே அந்தச் சொல் இருந்தது.

படிச்சிட்டேன்.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது. காலையில் கண் விழித்ததும் எந்தப் பதிவுவரை வந்திருக்கிறது என்று பார்க்கக் கை பறந்தது. புதுப் புத்தகத்திலிருந்து விழுந்த அந்த ஒன்றுக்குப் பிறகு, புத்தக அலமாரியில் சருகுகள் கூடிக்கொண்டே வந்தன. வேலையிடத்தில் கையுறையைக் கழற்றினால் விரலில் வெங்காய வாடை. சன்னல் விளிம்பின் வெள்ளைத் தூசியில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு, இடமிருந்து வலமாக. அதன் கீழே இன்னொன்று.

"எவடி இதுல கிறுக்கினது?" என்று அமிர்தவல்லி துணியை எடுத்துத் துடைத்தாள்.

வினோதினி எப்போதும் படித்து முடித்த பிறகுதான் வருவாள். பூவிழிக்கு அது தெரியும். படிக்கப் படிக்க, மிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

முதல் பதிவு மட்டும் மிஞ்சியிருந்த நாளில் அமிர்தவல்லி மீன்சுருட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மதியம் தாண்டியதும் மேகம் இறங்கியது. மழை வரவில்லை, காற்று நின்றுபோய், வெளிச்சம் சாம்பல் நிறமாகி, பின்சாலையில் லாரிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, மின்விசிறி இல்லாத வீட்டுக்குள் சுவர்க் கடிகாரமும் குடத்தில் சொட்டும் தண்ணீரும் மட்டும் கேட்கும்படி ஒரு பெரிய அமைதி வந்து உட்கார்ந்தது.

பூவிழி கையில் போனோடு கட்டிலில் இருந்தாள். பதில் எழுதும் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினாள். "வராதே." அனுப்பினால் போதும். எல்லாம் நின்றுவிடும் என்று ஏனோ உறுதியாகத் தெரிந்தது. சருகு நின்றுவிடும், கோடு நின்றுவிடும். காலையில் எழுந்து பார்க்க எதுவும் இருக்காது. அவள் எழுதுவதை விரல் வைத்துப் படிக்க இனி யாரும் இருக்க மாட்டார்கள்.

கட்டைவிரல் அனுப்பும் குறிமேல் நின்றது. சாவு வீட்டில்கூட அழாதவள் இப்போது அழுதாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். தே. ரா. வ.

கட்டம் காலியானதும் அதற்கு மேலே அந்தச் சொல் வந்தது. முதல் பதிவுக்குக் கீழே.

படிச்சிட்டேன்.

போன் அணைந்தது.

சர்ர்.

வாசல் பக்கம். கதவின் மரத்தில் எதுவோ மெதுவாக உரசிக்கொண்டு போகும் சத்தம். போய் முடிந்தது. திரும்பத் தொடக்கத்துக்கு வந்தது. சர்ர்.

முன்னறைச் சுவரில். சுவரில் மாட்டிய நாள்காட்டித் தாளில். தொலைக்காட்சியின் கண்ணாடியில் சத்தம் மாறி வழவழவென்று ஆனது. வரி வரியாக. எதையும் விடாமல். வெங்காய வாடை முதலில் லேசாக வந்தது, பிறகு மூட்டை அவிழ்த்ததுபோல் வந்தது, கண் எரிந்தது. அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது. மருந்து. பஞ்சு. ஆஸ்பத்திரி.

"வினோ?" என்றாள் பூவிழி. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

சத்தம் நின்றது.

அறை வாசலில் ஒருத்தி நிற்கும் உயரத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள். சாம்பலும் வெள்ளையுமாய்ப் புள்ளிகள். அவள் பார்த்திருந்ததெல்லாம் அந்தப் படம் ஒன்றுதான். வந்ததற்கும் அதற்குமேல் முகம் இல்லை.

பூவிழி கண்ணை மூடிக்கொண்டாள்.

அலமாரியில் புத்தக முதுகுகள்மேல் விரல் ஓடியது. டக், டக், டக். நிற்கவில்லை. அவையெல்லாம் படித்தவை. கட்டிலின் விளிம்பு. போர்வை. அவள் பக்கத்தில் மெத்தை அமுங்கியது.

அவளைத் தேடித்தானே வந்திருக்கிறாள். ஏதாவது சொல்லுவாள். அந்த நீளமான பின்னூட்டத்தை இப்போதாவது சொல்லுவாள். பூவிழி காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

நெற்றியில் பட்டது.

ஒரு விரல். குளிர்ச்சியாக. நுனியில் மாவுத் தூசி நறநறத்தது. இடது ஓரத்தில், முடி தொடங்கும் இடத்தில் வைத்து, தோலை மெல்ல அழுத்தி, வலது ஓரம்வரை போனது. எடுத்தது. மறுபடி இடது ஓரம். கொஞ்சம் கீழே.

காதருகே உதடுகள் முணுமுணுத்தன. சொற்கள் புரியவில்லை. யாரோ மனதுக்குள் படிக்கும்போது வரும் முணுமுணுப்பு. ஓரிடத்தில் சிரிப்புபோல ஒரு மூச்சு. ஓரிடத்தில் நின்று, திரும்பப் போய், அதே வரியை மறுபடி.

அடுத்த வரி.

அடுத்தது.

புருவத்துக்கு மேலே வந்ததும் விரல் தயங்கியது. முணுமுணுப்பு நின்றது. பக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு, ஆசையாய், பிரிய மனமில்லாமல்.

பிறகு விரல் நகர்ந்தது. மெதுவாக. மிக மெதுவாக.

எழுத்து எழுத்தாக.