பனிப்புல்லில் ஒரு தடம்

மாவ்பி என்ற சின்ன ஸ்டேஷனில் முதல் வண்டி வந்து நின்றபோது விடிந்தும் விடியாமல் இருந்தது. தோளில் துப்பாக்கியோடு இறங்கியவர் அமீர் அலி. பட்டணத்தில், பசுந்தாங் பேட்டையில் அரிசி வியாபாரம். தை பிறந்துவிட்டால் கடையை மறந்து நரி சுடக் கிளம்பிவிடுவார். இந்த முறை அவரை ஆள் விட்டு அழைத்தவன் ரயில்பாதைக் கூலி செல்லையா.

செல்லையாவின் எட்டு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் போய் இருபது நாள் ஆகிறது. கைக்குழந்தையை எரிக்கிற வழக்கம் இல்லை. அறுப்பு முடிந்த வயலோரம் புதைத்தார்கள். மூன்று நாளாகக் காலையில் பார்த்தால் குழிமண் கலைந்து கிடக்கிறது. முள் போட்டான், கல் வைத்தான், ஒன்றும் பலிக்கவில்லை. மனைவி பவுனம்மாள் காதுக்கு இது எட்டினால் அவள் உயிரை வைத்திருக்க மாட்டாள். போன பிள்ளையாவது நிம்மதியாகக் கிடக்கட்டும், இருப்பவளாவது பிழைக்கட்டும் என்பதுதான் அவன் கேட்டது. பெரிய ஆசை ஒன்றுமில்லை.

வயல்வெளி கண்ணுக்கு எட்டிய தூரம் வெளுத்துக் கிடந்தது. புல்லிலும் அறுத்த தாளிலும் கனத்த பனி. எது நடந்து போனாலும் அதன் பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழும். நரி தேடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? இருவரும் வரப்புக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள். ஈரமண்ணும் கருகிய வைக்கோலும் மணத்தன.

"அதோ," என்று கிசுகிசுத்தார் அமீர் அலி.

இரண்டு நரிகள். குழிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"குண்டு எட்டாது. கூப்பிட்டாத்தான் வரும்."

ஓர் இலையைக் கிள்ளி, இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே வைத்து ஊதினார். கண்ணியில் மாட்டிய முயல் அழுகிற குரல். எந்த நரியும் அதற்கு ஓடி வந்துவிடும். இவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு மூச்சு பத்தலை. நீ ஊது செல்லையா. அழுத்தி ஊது."

செல்லையா ஊதினான். முயலின் குரல் வரவில்லை. கடைசி இரண்டு நாளும் பால் இறங்காமல் பாப்பா அழுத குரல் வந்தது. இலையை வீசி எறிந்தான்.

நரிகள் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின.

குழியைக் கண்டு மிரண்டு, அந்தப் பக்கமாக.

பிறகு குழியோரத்துப் பனியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. நீண்டது. நின்றது. மறுபடி நீண்டது. கோட்டின் முனையில் எதுவும் இல்லை.

"பாய், என்ன வருது அங்க?"

"தெரியலப்பா. ஒண்ணுமே தெரியல."

அமீர் அலி சுட்டார். கோடு நின்றது.

அப்புறம் முன்னைவிட வேகமாக வந்தது.

அவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, கலிமா சொல்லிக்கொண்டே ஓடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பெற்ற பிள்ளையா என்ன? செல்லையா படுத்த இடத்திலேயே கிடந்தான். கோடு வரப்பில் ஏறி, அவன் கையருகே வந்து நின்றது.

சில்லென்று எதுவோ அவன் ஆள்காட்டி விரலைப் பற்றியது.

அந்தப் பிடி அவனுக்குத் தெரியும். முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு அழுதான்.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. பவுனம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பால் வற்றி எத்தனையோ நாளாயிற்று. ஆனால் அவள் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. பார்வை அவன் மேல் இல்லை, அவன் காலுக்குப் பின்னால் தரையில் இருந்தது.

"இந்தப் பனியில பிள்ளையைத் தவழ விட்டா கூட்டிட்டு வர்றது?" என்றாள் மெதுவாக. "தொட்டிலைக் கட்டுங்க."

இனி அவளையும் மீட்க முடியாது என்று அவனுக்குப் புரிந்தது. பழைய சேலையை எடுத்து உத்தரத்தில் கட்டினான். முடிச்சை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தான்.

வெறுந்துணி கனத்துத் தாழ்ந்தது.