கை அடங்கும் நேரம்

ஒலிபெருக்கி மறுபடி இரையக் கொஞ்சம் தாமதித்தது.

கொஞ்சம்தான். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் கோரின் இந்த ஓசையைக் கேட்டே பிழைக்கிறவன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு ரப்பர் கட்டையை நசுக்கிப் பிடித்தால், தோலில் ஒட்டிய கம்பிகள் வழியே தசையின் உழைப்பு தகரக் கூரையில் விழும் மழையாக அறை முழுக்க இரையும். தலைமேல் பிடித்த, மூளையைத் தூண்டும் காந்தச் சுருள் ஒருமுறை சொடுக்கும். கை துள்ளும். உடனே மழை நின்றுவிடும். அழுத்து, விடாதே என்று மனம் எவ்வளவு அதட்டினாலும், மூளை கையை அடக்கி வைத்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ஒன்றும் கேட்காது. பிறகு மழை திரும்பும். அந்த மௌனத்தின் நீளத்தை அளப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

ஆஸ்திரேலியாவின் தென்கோடி நகரான ஹோபார்ட்டின் அந்த ஆய்வகத்தில், வெளியாட்களை உட்கார வைக்கும் முன் ஆய்வாளரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். காதை அடைத்துக்கொள்வதும் வழக்கம். சொடுக்கும் சத்தத்துக்கு மூளை பழகிவிடக் கூடாது. கோரின் மதியம் முழுக்கக் காதடைப்பானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தான். தன் மழையைத் தானே கேட்க ஆசை. முகத்தில் கர்வப்பட ஒன்றுமில்லாதவனுக்குக் கட்டைவிரலிலாவது கர்வம் இருக்கட்டுமே.

"இன்னிக்கு உன் கை ரொம்ப சோம்பேறி," என்றாள் சுருளைப் பிடித்திருந்த ப்ரோன்வின். "ஓனர் மாதிரியே."

"புள்ளய தூக்கி ஆட்டற கை அது. ராத்திரி பூரா டூட்டி. இங்க வந்துதான் ஓயுது."

"ஓயறதா? அது ஓயலப்பா. உள்ள ஒருத்தர் அதை அமுக்கிப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கார்."

"அவருக்குக் கை வலிச்சா?"

அவள் சிரித்தாள். சுருள் சொடுக்கியது. மழை நின்றது.

அந்த மௌனத்துக்குள், மிக மெல்ல, வேறொன்று. மழை இல்லை. கூரை மேல் யாரோ வெறுங்காலோடு, அடி பார்த்து அடி வைத்து நடப்பதுபோல.

"கேட்டுச்சா?"

ப்ரோன்வின் அடைத்திருந்த தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். "கோடு நேராத்தான் இருக்கு. வீட்டுக்குப் போய்த் தூங்கு, போ."

வெளியே குளிர்கால மாலை அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்றில் பனியின் இரும்பு வாடை. காரில் ஏறி பெல்ட்டை மாட்டினான். சொடக். ஸ்டியரிங்கில் இருந்த வலது கை வழுக்கி மடியில் விழுந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். கை திரும்பி வந்தது. முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் டிக், டிக் என்றது. கை மறுபடி விழுந்தது. அந்த டிக் ஓயும்வரை, யாரோ காரில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போல, மடியில் கிடந்தது. கோரின் இடது கையால் திருப்பினான். பிறகு வீடு வரை இண்டிகேட்டர் போடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே அவனுடைய பரம்பரையை விசாரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு மௌனமும் முந்தியதைவிட நீளம். அதை அளக்கக் கருவி தேவைப்படவில்லை.

வீட்டில் வெங்காய வாசனையும், ஹீட்டர்மேல் காயும் குழந்தைத் துணிகளின் ஈர வெப்பமும் கலந்திருந்தன. மனைவி மார்னி கதவருகிலேயே மகள் ஈடியை நீட்டினாள். மூன்று மாதக் குழந்தை. பால் மயக்கத்தில் கண் பாதி மூடியிருந்தது.

"இப்ப வேணாம் மார்னி. கை சரியில்ல."

"சமைக்கிற நேரம் வந்தா உன் கை என்னிக்குடா சரியா இருந்திருக்கு?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"போன வாரம் பாத்திரம் கழுவச் சொன்னப்பவும் நெஜமாத்தான் சொன்ன." அவனை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்து, ஈடியை அவன் மார்பில் கவிழ்த்துப் போட்டாள். அவனுடைய வலது உள்ளங்கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்தாள். "அசையாத. இப்பதான் தூங்கறா."

ஈடியின் மூச்சு அவன் கழுத்தில் சூடாகப் பட்டது. இடது கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டு, எழுந்து, தொட்டிலில் விட்டுவிட வேண்டும். அவன் முதுகை நிமிர்த்தினான்.

மார்னி அடுப்புக் குமிழைத் திருகினாள்.

டிக். டிக். டிக். டிக்.

பற்றாத அடுப்பு. நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று அவன் ஜோக்கடித்தே தள்ளிப்போட்ட அடுப்பு.

வலது கை அடங்கியது.

இடது கை. அதுவும்.

மார்னி என்று கூப்பிட்டான். கூப்பிட்டதாக நினைத்தான். உதடு அசையவில்லை. நாக்கு, வாய்க்குள் வேறு யாருடையதோபோல் கிடந்தது.

"பாத்தியா, எவ்வளவு சமத்தா தூங்கறா," என்றாள் மார்னி, அவனுக்கு முதுகு காட்டியபடியே. "நீயும் அதிசயமா பேசாம இருக்க."

டிக். டிக். டிக்.

அந்த நடை கேட்டது. வெறுங்கால். கூரைமேல் இல்லை. தோளுக்குள். முழங்கைக்குள். இறங்கி வந்தது. மணிக்கட்டில் நின்றது.

சுண்டுவிரல் அசைந்தது.

அவன் அசைக்கவில்லை.

விரல்கள் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு மேலே ஏறின. அவசரமில்லாமல். முதல் முறையாக வெளியே வந்தவர் தெருவைப் பார்ப்பதுபோல. ஈடியின் பிடரிப் பூனைமுடியில் வந்து நின்றன.

டிக். டிக்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ரப்பர் கட்டை கொள்ளும் அகலத்துக்கு, மெல்ல விரிந்தன.