காற்றாலை நிழல்

சாலையோரக் காற்றாலையின் மூன்று இறக்கைகளும் அசையாமல் நின்றிருந்தன. ஆனால் அவற்றின் நிழல் தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டிருந்தது.

வரலட்சுமி பிரேக்கைத் தொட்டாள்; பிறகு விட்டுவிட்டாள். கோவையிலிருந்து விடியுமுன் கிளம்பி சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் வந்தாகிவிட்டது. சுல்தான்பேட்டை தாண்டிய இந்தச் சாலை, லாரித் தொல்லை இல்லாமல், தென்னந்தோப்பும் வெளிர்நீல மலையுமாக, அவளே தேடிக் கண்டுபிடித்தது. அவர்களுடைய சைக்கிள் கிளப்பின் நூறு கிலோமீட்டர் பயணத்துக்கு இதுவரை ஒரு பெண் பாதை சொன்னதில்லை.

"ரூட்டை நாங்க பாத்துக்கறமுங்க அம்மணி. டிபன் எங்கீன்னு மட்டும் நீங்க சொல்லிப்போடுங்க" என்றிருந்தார் கிளப்பை நடத்தும் திருமூர்த்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு வாரமாக அந்தச் சிரிப்புதான் உறுத்திக்கொண்டிருந்தது. தான் சொல்லும் பாதையை இன்று மாலைக்குள் கிளப்புக்கு அனுப்பியாக வேண்டும்.

முன்னால் தோழி ஷைலா போய்க்கொண்டிருந்தாள். துணைக்கு வா என்றதும் ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வந்தவள். செயினின் சன்னமான ஓசையும், எங்கோ கோழிப்பண்ணையிலிருந்து வந்த புளித்த வாடையும், டயருக்கடியில் நசுங்கும் வேப்பம்பழமும் வழக்கம்போலவே இருக்க, இறக்கையின் நிழல் ஒன்று மெதுவாக ஏறிவந்து, ஷைலாவின்மேல் படிந்து, மறுபக்கம் வயலில் இறங்கிப் போனது.

பக்கத்தில் ஓடிய ஷைலாவின் நிழலுக்குக் கைகள் இல்லை.

"அக்கா, கையி மரத்துப்போச்சுங்க. திரும்பிக்கலாங்களா?"

நிழலைப் பற்றிச் சொல்லிவிடலாம். திரும்பலாம். திரும்பினால், நிழலுக்குப் பயந்து வந்தவள் என்பார்கள்.

"இன்னும் நாலு கிலோமீட்டர்தான் கண்ணு. மிதி."

தன் குரல் இவ்வளவு இனிமையாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த காற்றாலை நெருங்கியது. வரலட்சுமி வேகத்தைக் குறைத்தாள். நிழல் ஷைலாவைக் கடக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுப் போனாள்.

இப்போது ஷைலாவின் நிழலுக்குத் தலையும் இல்லை. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது காற்றாலை. சாலையில் ஷைலாவுடைய சைக்கிளின் நிழல் மட்டும். காலி சீட். தானே சுற்றும் பெடல்.

"ஷைலா."

வெயிலில் திடீரென்று ஒரு குளிர். நிழல் வரலட்சுமியின்மேல் ஏறி இறங்கியது. பிரேக்கைப் பிடிக்கப் போனாள். விரல்கள் மடங்கவில்லை. கால்கள் நிற்கவில்லை.

முன்னால் ஷைலா மிதித்தபடியே திரும்பினாள். அவள் முகத்தினூடே மேற்கொண்டு போகும் சாலை தெரிந்தது, வரிசையாக நிற்கும் காற்றாலைகள் தெரிந்தன. அந்த முகத்தில் வாய் மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல், மரியாதையாக, திரும்பிக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.