இரண்டு கோடு போட்ட வார்த்தை

டமார்!

எழுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழை. செங்கல்பட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில், மணி ஐந்து அடிக்கும்போது, அம்சாவின் குடையும் எவனோ ஒருவனின் நெற்றியும் முட்டிக்கொண்டன.

"ஐயோ... கண்ணு தெரியல?"

"எனக்குத் தெரியுதுங்க. உங்க குடைக்குத்தான் கண்ணு இல்ல."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். நனைந்த புருவம்... அதற்குக் கீழே, வெயிலில் கடலைப் பார்த்துப் பார்த்து இடுங்கிப்போன கண்கள். "மழ வுடட்டும்னு குந்திகினு இருந்தேன். பஸ்ஸு பூடும்... வரேங்க!"

ஓடியே போனான். அம்சாவுக்கு ஏனோ கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நம்பர் மெஷினில் போய் உட்கார்ந்தாள். அந்த மெஷினின் நாலு மணி ஆள் அவன்தான் போலிருக்கிறது; உருவ மறந்த காகிதம் ரோலரிலேயே இருந்தது. படித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது!

லாட். லாஸ். கிளாட். ஃபால். ஆஸ்க். ஆங்கிலத்தில் வரிசையாக அடித்து, பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தது. பையன். பெண். மகிழ்ச்சி. விழு. கேள். அதிலும் 'பெண்'ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு!

அடப்பாவி... அந்தச் சிரிப்புக்கு இதுதானா அர்த்தம்? வீட்டுக்குத் தெரிந்தால் படிப்புக்கு முழுக்குத்தான். அப்பா அதற்குத்தானே காத்திருக்கிறார்! காகிதத்தை உருவி, இன்ஸ்ட்ரக்டர் சுப்புராமனிடம் கொண்டுபோய் நீட்டிவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பொண்கொழந்தைகள் வர்ற எடத்துல இதென்ன அக்கிரமம்! இனிமே அந்தச் சிங்காரம் இந்தப் படி ஏறட்டும், பாத்துக்கறேன்."

மறுநாளே நாலு மணி சீட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை. குளிரில் அம்சாவுக்கு விரல் ஓடவில்லை. சரி, பழகின பாடத்தையே அடிப்போம் என்று முதல் பாட அட்டையை எடுத்து வைத்தாள்... ஐந்தாவது வரியில் விரல் அப்படியே நின்றது.

லாட். லாஸ். கிளாட். ஃபால். ஆஸ்க்.

ஐயையோ! விரல் உட்காருகிற நடு வரிசை எழுத்துகள் மட்டுமே சேர்ந்து வருகிற வார்த்தைகள்! மூன்று மாதத்துக்கு முன்னால் அவளே நூறு தடவை அடித்தவை. அடித்தாளே தவிர, ஒரு தடவைகூட அர்த்தம் பார்த்ததில்லை.

"சார்... இதுக்கெல்லாம் அர்த்தம் சொல்லித் தர மாட்டீங்களா?"

"அர்த்தம் எதுக்கும்மா? விரல் போனாப் போறாதா?"

அவர் மேஜையில் கிடந்த அந்தக் காகிதத்தை எடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். சுப்புராமன் முகம் வெளுத்துவிட்டது.

"அடடா... பாடத்தையன்னா எழுதியிருக்கான்! லோயர் பாஸ் பண்ணினா கல்பாக்கத்துல டைப்பிஸ்ட் வேலைன்னு சொல்லிண்டிருந்தான். பரீட்சைக்கு இன்னும் பன்னண்டு நாள். எந்த மெஷினும் காலியில்லையேம்மா!"

அம்சா தன்னையே திட்டிக்கொண்டாள். ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டாயேடி!

ஞாயிற்றுக்கிழமை, மகாபலிபுரம் பார்க்க என்று வீட்டில் சொல்லித் தங்கையையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தங்கையைச் சுண்டல்காரியிடம் நிறுத்திவிட்டு, சார் சொன்ன அடையாளத்தை விசாரித்துக்கொண்டு சிங்காரத்தின் மீனவர் குப்பத்துக் கரைக்கு வந்தாள். அங்கே கண்ட காட்சி...

கவிழ்த்துப் போட்ட படகு. அதன் முதுகில் சாக்பீஸால், டைப்ரைட்டர் கட்டைகள் மாதிரி, வட்டம் வட்டமாக எழுத்துகள். சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் மரத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அம்சா அருகே போய் நின்றாள்.

"என்னை... மன்னிச்சிடுங்க. நான்தான் சார்கிட்ட சொன்னேன். அது பாடம்னு தெரியாது. என் அஞ்சு மணியில பாதி நேரம் நீங்க எடுத்துக்குங்க. சார்கிட்ட கேட்டுட்டேன்."

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "வாணாங்க."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? நீங்க சொன்னதுல பாதி நெசந்தான்."

"என்னது?"

"வார்த்தைங்கல்லாம் பாடந்தான், சத்தியமா. பரீட்சைக்கு மொத பாடத்துலேர்ந்து திருப்பி அடிச்சேன். அர்த்தம் தெரியாம அடிக்க நமக்கு மனசு வர்ல, டிக்சனரி பாத்து எழுதுனேன். ஆனா..." தலையைக் குனிந்து, படகின் மேல் கிடந்த சாக்பீஸை எடுத்து உருட்டினான். "அந்த ரெண்டு கோடு பாடம் இல்ல. மூணு மாசமா எதிர்ல பஸ்ஸுக்கு நின்னுகினு, நீங்க உள்ள போறத பாத்துகினு கீறேன். அந்த வார்த்த வந்தப்போ உங்க மூஞ்சிதான் வந்திச்சி. பென்சிலு தானா இழுத்துடுச்சி. இத மறைச்சி உங்க அரமணிய வாங்கிக்கினா நான் மனுசனா?"

அம்சாவுக்கு ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. இப்போது கோபம் வரவேண்டுமே... தேடித் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வேலையே போனாலும் பொய் சொல்லத் தெரியாத இந்த மனிதனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது!

சாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அந்தக் காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். படகின் மேல் விரித்தாள். 'பையன்' என்பதற்குக் கீழே பென்சிலால் அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

பிறகு இன்னொன்று.

"இப்போ சார்கிட்ட போனா ரெண்டு பேரையும்தான் துரத்துவாரு," என்றாள், அவனைப் பார்க்காமல்.

சிங்காரத்தின் கையிலிருந்த சாக்பீஸ் மணலில் விழுந்தது.